வேர்த்த மட்காட்

நம்ம லொறியின் இடப்பக்க இருக்கைக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில், கறுப்பும் பழுப்புமாக ஒரு ரப்பர் கட்டி கிடக்கிறதே, அது ஏன் விரிப்பு மாதிரித் தட்டையாக இல்லாமல் ஆமை முதுகு மாதிரி வளைந்திருக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டால் அப்பாவிடம் கேள் என்கிறாள். மாமாவிடம் கேட்டால் அவர் லொறியைத் துடைக்கப் போய்விடுகிறார். அதனால் நானே எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வேகமாக ஓடாது. ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டுகிறவனின் கை வேகம் வேறு மாதிரி. பிழை இருந்தால் டீச்சரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

லொறி முதலில் தோட்டத்துக்குச் சொந்தம். மூக்கு நீண்ட பழைய சாதி. எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டது போல முன்னால் இரண்டு உருண்டை லைட். தோட்டத்துக்குப் புது லொறி வந்ததும் இதைப் புகைக்கூட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு மறந்துபோனார்கள். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைக்கிற கட்டடம் அது, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே கூரையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆக, லொறியின் வலப்பக்கம் வருசக்கணக்காக அடுப்படியில் படுத்த பூனை மாதிரிச் சுகமாக இருந்தது. இடப்பக்கம் கூரைக்கு வெளியே. நம்ம புளத்கொகுபிட்டியப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மச்சான், அதாவது உங்கள் மாமா, அந்த லொறியைத் தோட்டத்தில் கேட்டு வாங்கினான். எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பூட்டி, பிரேக்கெல்லாம் புதிதாகப் போட்டு, ஓடவே வைத்துவிட்டான். எஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். தகர வேலை மட்டும் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விறகு, செங்கல், சிமெந்து, பள்ளிக்கூட மேசை என்று எல்லாவற்றையும் ஏற்றினான். வலப்பக்கம் நின்று பார்த்தவர்கள் தலையாட்டிப் பாராட்டினார்கள். இடப்பக்கம் நின்று பார்த்தவர்கள் பிள்ளைகளைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நாங்கள் போய்ப் பெண் பார்த்தோம். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மச்சான் மச்சானாக இல்லை. குழம்பு ஊற்றாமலே சோற்றைத் தின்று முடித்துவிட்டு, குழம்பு நல்லா இருக்கு அக்கா என்றான். லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு தானாகச் சிரித்தான். எஞ்சினைப் பார்த்து அவன் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெண்ணின் அப்பா கொழுந்து லொறி டிரைவர். பஸ்காரர்களே சாமி கும்பிட்டுத் திருப்புகிற வளைவுகளில் கொழுந்து மூட்டையோடு மேலும் கீழும் போய்வருகிறவர். மாப்பிள்ளைக்குச் சொந்த லொறி இருக்கிறது என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “படம் இருந்தா அனுப்புங்க தம்பி” என்றார். மச்சான் அனுப்பினான். வலப்பக்கத்துப் படம் மட்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்காட்டில் கையை ஊன்றிக்கொண்டு, லொறியும் அவனும் சேர்ந்து கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி ஒரு படம்.

கொஞ்ச நாளில் உங்கள் அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணும் வருகிறாள். அப்படியே லொறியையும் பார்த்துக்கொள்வார்களாம்.

போனை வைத்துவிட்டு அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். “வீட்ட எங்க பாக்கப் போறாரு அந்தாளு. நேரா லொறிகிட்டத்தான் போவாரு. இப்ப என்னா செய்யப் போறீங்க?”

“அக்கா, இந்தப் பொண்ணு இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்” என்றான் மச்சான்.

“அத என்கிட்ட சொல்லி என்னாடா? போயி தகரத்துகிட்ட சொல்லு.”

டவுனில் நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற ஒரு டிங்கர் பாஸ் இருக்கிறார். நொறுங்கின பஸ்ஸைக்கூடப் புதுசாக்கிவிடுவார். நாங்கள் போனபோது அப்படி ஒரு பஸ்ஸுக்குள்தான் படுத்திருந்தார். மச்சான் சிங்களத்தில் கல்யாணக் கதை முழுவதையும் சொன்னான். பெண்ணின் கண்ணைப் பற்றிக்கூடச் சொன்னான். பாஸ் பஸ்ஸுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி ஆட்டி, “லபன சத்தியே” என்றார். அடுத்த கிழமை, அதாவது அடுத்த வாரம். அடுத்த கிழமைக்குள் பெண் வந்து போய்விடும்.

அங்கேயே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனோம். அவர் ஒரு தகட்டுத் தகரமும், தகரத்தை இறுக்குகிற ரிவெட்டும், நீலப் பெயின்டும் எடுத்துவைத்தார். “கதவுக்கு இது காணும் தம்பி. மட்காட்டுக்குக் காணாது. அது வளைவு. வளைவுக்கு பாஸோட கை வேணும்” என்றார். எங்களுக்கு முன்பாதி மட்டும் காதில் விழுந்தது.

தகர வேலையில் ஒரு முறை இருக்கிறது. வெளியே ஒருத்தன் சுத்தியலால் தட்ட வேண்டும். உள்ளே ஒருத்தன் அதே இடத்தில் ஒரு இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தகரம் நேராகும். பாஸ் செய்வதைப் பார்த்திருக்கிறோம். மச்சான் கெபினுக்குள் ஏறிக் கட்டையைப் பிடித்தான். நான் கதவின் அடிப்பக்கம் தட்டினேன். முதல் அடிக்கு டங் என்றது. பரவாயில்லையே என்று பலமாக ஒன்று போட்டேன்.

உள்ளேயிருந்து மச்சானின் குரல் அமைதியாக வந்தது. “அத்தான், ஒங்க சுத்தியல் இங்க வந்திருக்கு.”

கதவைத் திறந்து பார்த்தால் அவன் சட்டை முழுக்க வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. நான் சிரிக்க, அவன் சிரிக்க, சிரிப்பு அதிர்வில் துரு இன்னும் கொஞ்சம் கொட்டியது. மட்காட்டுக்குள் என்ன சத்தம் என்று குனிந்தால், நம்ம செவலைக் கோழி கீழே நுழைந்து ஓட்டை வழியாகத் தலையை மேலே நீட்டி எங்களைப் பார்த்தது. அடுத்த ஓட்டைக்குப் போய் அங்கேயும் நீட்டியது.

கதவைப் பற்றி எனக்குக் குறை இல்லை. கெட்ட தகரத்தை வெட்டி எடுத்தோம், நானாவின் தகட்டை அளவுக்கு வெட்டி வைத்தோம், ரிவெட் அடித்தோம். நேராகவே நின்றது. மட்காட்டில்தான் மாட்டிக்கொண்டோம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். உங்கள் அம்மா ரப்பர் பால் உறையவைக்க வைத்திருந்த அசிட்டைத் தண்ணீரில் கலந்து துருவின் மேல் தடவினோம். (அந்தப் போத்தலை நீங்கள் தொடக் கூடாது. நானே கையுறை போட்டுத்தான் தொட்டேன்.) துரு நன்றாகக் கரைந்தது. துரு போன பிறகு பார்த்தால் மட்காட்டும் போயிருந்தது. மேலே ஒரு விளிம்பு, கீழே ஒரு விளிம்பு, நடுவில் வானம்.

மிச்சத் தகட்டை வளைத்துப் பார்த்தோம். நீளத்துக்கு வளைத்தால் குறுக்கே முறைத்தது. குறுக்கே வளைத்தால் நீளத்துக்கு எழும்பியது. மச்சான் முழங்காலில் வைத்து வளைத்தான், பலாமரத்தில் வைத்து வளைத்தான். கடைசியில் அது மழைத் தண்ணீர் வடிகிற கூரைப் பீலி மாதிரி ஆனது. சனிக்கிழமை வெயில் ஏறிவிட்டது. மச்சான் ஃபுட்போர்டில் உட்கார்ந்து போனில் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தில் இருக்கிறவன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறான் என்று பார்த்தான் போல.

அப்போது உங்கள் அம்மா பால் வாளியோடு வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள மாத்தையாவின் கொஞ்ச ரப்பர் மரத்தைச் சனிக்கிழமைகளில் அவள் பாதிப் பங்குக்குப் பால் வெட்டுவாள். வாளியில் வெள்ளை வெளேர் என்று பால் ததும்பியது. நான் வாளியைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தான்.

“எந்தச் சட்டியில ஊத்துனாலும் அந்தச் சட்டி மாதிரியே ஒறையும்” என்றேன்.

“மட்காட்டுல ஊத்துனா?”

“மட்காட் மாதிரியே ஒறையும்.”

அவன் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினான். நானும் ஆடினேன். உங்கள் அம்மா வாளியைக் கீழே வைத்து, “எடுத்துத் தொலைங்க, வீட்டப் பெருக்கணும் எனக்கு” என்று உள்ளே போய்விட்டாள்.

கோழிக்கூட்டு வலையை வெட்டி மட்காட்டுக்குக் கீழே கட்டினோம், அதன் மேல் சாக்கை விரித்தோம். பாலில் மரத்தூளைக் கலந்து கெட்டியாக்கி ஊற்றினோம். தகரத்தில் அசிட் ஈரம் மிச்சம் இருந்ததால் பட்ட இடத்திலேயே தயிர் மாதிரி உறைந்தது. வழிய நேரமில்லை. பூச்சுக்காரன் சுவர் பூசுகிற மாதிரி கையால் தடவித் தடவி வளைவைக் கொண்டுவந்தோம். மச்சான் வலப்பக்கம் ஓடிப் பார்ப்பான், இடப்பக்கம் ஓடிவந்து தடவுவான். அசல் மட்காட். மேலே நீலப் பெயின்ட் அடித்துத் தூரப் போய் நின்று பார்த்தோம். பாஸ் இதைப் பார்த்தால் பஸ்ஸை விட்டு இறங்கி நம்மிடம் வேலைக்கு வந்துவிடுவார் என்றான் மச்சான். நான் அதை நம்பினேன்.

ஞாயிறு காலை உங்கள் அம்மா கோலம் போட்டுவிட்டு லொறிப் பக்கம் வந்தாள். மட்காட்டில் ஒரு விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. எடுத்தாள். மட்காட் மெதுவாக எழும்பியது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

“ஏங்க” என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. “மெசின்ல போட்டுப் புழியாத பாலு எங்கங்க காஞ்சிருக்கு? ஸ்டோர்ல தெனம் என்னா வேல பாக்குறீங்க?”

உறைந்த பாலை இரண்டு உருளைக்கு நடுவில் விட்டு அழுத்தித் தண்ணீரைப் பிழிகிறதுதான் என் வேலை. அந்தத் தண்ணீரில்தான் தினமும் என் கால் நனைகிறது. பிழியாத பால் அதுவாகவே தண்ணீரைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்று தோட்டத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அது எப்படி ஒரு நாள் முழுக்க என் நினைவுக்கு வராமல் போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆடின ஆட்டத்தில் கீழே விழுந்திருக்கும்.

இனி மாற்ற நேரமில்லை. லொறியை ஓட்டிப்போய் இடப்பக்கம் மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினோம். ஒரு கோழி நுழைகிற இடைவெளிகூட இல்லை. வலப்பக்கம் மட்டும் வாசலைப் பார்த்துச் சிரித்தது.

அவர்கள் டவுனில் பஸ் இறங்கித் திரீவீலரில் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, பெண். உங்கள் அம்மா சொன்னது போலவே அவர் வீட்டைப் பார்க்கவில்லை. டீக் கோப்பையைக் கையில் வாங்கி, குடிக்காமலே லொறிக்கு நடந்தார். சுற்றி நாங்கள். வலப்பக்க மட்காட்டை விரல் முட்டியால் தட்டினார். டங் என்று மணி மாதிரிக் கேட்டது. இன்னொரு தட்டு. கதவைத் திறந்தார், சாத்தினார். “நல்ல தகரம். இப்ப இப்படி வர்றதில்ல” என்றார். மச்சானின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. நான் மூச்சு விட்டேன்.

அதுவரை பேசாமல் நின்ற பெண், பக்கத்தில் நின்ற உங்கள் அம்மாவிடம் கேட்டாள். “அக்கா, படத்துலயும் இந்தப் பக்கந்தான் இருந்துச்சு. இது அவரு ஏறுற பக்கம். நான் ஏறுற பக்கம் எங்க?”

நான் மண்மேட்டைப் பார்த்தேன். மச்சான் தன் செருப்பைப் பார்த்தான்.

“சும்மா கேக்குறா” என்றார் அவளுடைய அம்மா.

“சும்மா இல்லம்மா. அத பாக்கத்தான் இவ்ளோ தூரம் பஸ்ல குலுங்கி வந்தேன்.”

பெண்ணின் அப்பா மச்சானைத் திரும்பிப் பார்த்தார். “எடுங்க தம்பி, கொஞ்சம் முன்னால.”

மச்சான் ஏறினான். ஸ்டார்ட் பண்ணினான். லொறி முன்னால் வந்து வாசல் வெயிலில் நின்றது. இடப்பக்க மட்காட் எஞ்சின் அதிர்வுக்குத் தயிர்ப் பானை மாதிரித் தளதளவென்று ஆடியது. நீலப் பெயின்ட் கிழவியின் கன்னம் மாதிரிச் சுருங்கியிருந்தது. சுருக்கத்துக்குச் சுருக்கம் நீர் முத்து முத்தாக நின்றது. புளித்த வாடை வேறு.

பெரியவர் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலை அழுத்தினார், எடுத்தார், மட்காட் பழையபடி எழும்புகிறவரை காத்திருந்தார்.

“என்னா தம்பி இது, அழுவுது?”

“வேர்க்குதுங்க மாமா” என்றான் மச்சான். பிறகு அவனால் முடியவில்லை. “ரப்பர் பாலு மாமா. உள்ளுக்குத் தகரமே இல்ல. மழையில போச்சு. பாஸுக்கு நேரமில்ல. நாங்களே ஊத்துனோம், நானும் அத்தானும். படத்துல இந்தப் பக்கத்த நான் வேணும்னுதான் எடுக்கல.”

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “பிரேக்கு எதுல செஞ்சிருக்கீங்க? அதுவும் பாலா?”

“இல்லைங்க மாமா. அதெல்லாம் புதுசு. நீங்களே ஓட்டிப் பாருங்க.” சாவியை நீட்டினான். என் பால் யோசனையால் ஒருத்தனுக்குக் கல்யாணம் நின்றுபோகப் போகிறது, இனி வீட்டில் எனக்குச் சோறு யார் போடுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் சாவியை வாங்கி டிரைவர் சீட்டில் ஏறினார். பெண் இடப்பக்கம் வந்து கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கதவுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் வழிந்த பால் அங்கே உறைந்து ஒட்டியிருந்தது. ‘ஃப்ப்ப்’ என்று ஒரு சத்தத்தோடு கதவு பெயர்ந்தது. அதோடு வெள்ளை வெள்ளையாக இடியப்ப நூல் மாதிரி இழுபட்டு நீண்டு நீண்டு வந்தது. ஒரு நூல் பட்டென்று அறுந்து போய்த் தெறித்த இடம் மச்சானின் மூக்கு.

பெண் கதவைப் பிடித்தபடியே ஃபுட்போர்டில் உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து உங்கள் அம்மா ஓடினாள். அவள் முகத்தைத் தூக்கினபோது கண்ணில் தண்ணீர்தான், ஆனால் வாய் திறந்து சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க முடியவில்லை. அவளைப் பார்த்து உங்கள் அம்மா சிரித்தாள். அவளுடைய அம்மா முந்தானையை வாயில் அடைத்தார். மச்சான் மூக்கில் ஒட்டினதை இழுக்க, அது மூக்கோடு வர, எனக்குக் கையிலிருந்த டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் ஏறினதும் லொறியை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் போனார். மச்சான் பின்னால் தொற்றி ஏறினான். ஸ்டோர் வளைவு வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிற சத்தம் கேட்கிறவரை நாங்கள் வாசலிலேயே நின்றோம். உங்கள் அம்மா கோலத்தை மிதித்துக்கொண்டு நின்றாள், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து இறங்கினார். “பிரேக்கு எங்க தோட்டத்து லொறியவிட நல்லாப் புடிக்குது” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். “ஒன் பக்கத்தயும் பாத்துட்ட. நீ சொல்லு.”

அவள் மச்சானைப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவிடம்தான் சொன்னாள். “எனக்குச் சம்மதம் அக்கா. ஆனா கல்யாணத்தன்னைக்கு இந்தக் கதவு தொறக்கணும்.”

அப்போதுதான் பெரியவர் சிரித்தார். சிரித்து சிரித்து, மறுபடி போய் மட்காட்டை ஒரு தரம் அழுத்திவிட்டு வந்து சிரித்தார். போகிறவரை அதைத்தான் செய்தார்.

அடுத்த கிழமை பாஸ் சொன்ன சொல் தவறாமல் வந்தார். இடப்பக்கம் வந்து நின்று, “மேக்க மொகக்த?” என்றார். இது என்ன என்று அவர் கேட்க, மச்சான் மூக்கைத் தடவினான். பாஸ் ஓரத்தைக் கத்தியால் கீறி இழுத்ததும் எங்கள் மட்காட் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அவர் அதைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கெட்ட விளிம்பை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணினார். உள்ளே கட்டையைப் பிடித்தவன் மச்சான். சாயங்காலம் தட்டிப் பார்த்தோம். டங்.

ரப்பரைத் தூக்கிப் போட மச்சான் போனான். எப்படியோ செய்தி றக்வானைக்குப் போய்விட்டது. போடக் கூடாது, அது என் பக்கத்து மட்காட் என்று போன் வந்தது. ஸ்டோர் மெஷினில் விட்டுப் பிழியப் பார்த்தேன். அவ்வளவு தடிப்பு உருளைக்குள் போகவில்லை. ஸ்டோர் ஐயாவிடம் அனுமதி கேட்டுப் புகைக்கூட்டின் ஒரு மூலையில் தொங்கவிட்டேன். அது தொங்கிக்கொண்டே இருந்து, நிறம் மாறி, வாடை போய், அந்த வளைவை மட்டும் விடாமல் காய்ந்து வந்தது.

கல்யாணத்தன்று கதவு சத்தமில்லாமல் திறந்தது. உங்கள் அத்தை பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, கீழே நாங்கள் போட்டுவைத்திருந்த அந்த ரப்பர் மட்காட்டின் மேல்தான் காலை வைத்தாள். ஆகவே லொறியைக் கழுவும்போது அதை வெளியே எடுத்தால் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். அத்தை இப்போதும் லொறியில் ஏறியதும் முதலில் கால் பெருவிரலால் அதை ஒரு அழுத்து அழுத்துவாள். இன்னும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறாள்.